தனியாக வேண்டாம்... தானாகத் தூங்கட்டும்!

ராத்திரி பத்தே முக்கால். தாம்பரம் ஸ்டேஷனில் லோக்கல் ட்ரெயின் வந்து நிற்கிற சத்தம் மேற்குத் தாம்பரத்து மாடி வீடு வரை கேட்கிறது. அந்த வீட்டு ஹாலில் ஒரு அப்பா, இரண்டு வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்பது நிமிஷமாக நடந்துகொண்டிருக்கிறார். கண் மூடிவிட்டது... மூச்சு சீராகிவிட்டது... மெதுவாகக் குனிந்து பாயில் விடுகிறார். முதுகு பாயைத் தொட்டதுதான் தாமதம், "ப்பா... தூக்கு!"

மறுபடியும் முதலிலிருந்து நடை!

சிரிக்காதீர்கள். சேலையூரோ, குரோம்பேட்டையோ, மேடவாக்கமோ, பெருங்களத்தூரோ... சின்னக் குழந்தை இருக்கிற பல வீடுகளில் இதே கதைதான். தோள் இல்லையென்றால் தூளி. தூளி இல்லையென்றால் பைக்கில் தெருவை ஒரு ரவுண்டு. எதுவும் பலிக்காவிட்டால் செல்போனில் ரைம்ஸ்!

"தானா தூங்கப் பழக்குங்க" என்று யாராவது சொன்னால் போதும், பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். "பச்சப் புள்ளைய தனியா போட்டு அழவிடறதா? அதெல்லாம் வெள்ளக்காரன் வழக்கம்!"

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு குழப்பமும் இருக்கிறது. தனியாகப் படுப்பது வேறு, தானாகத் தூங்குவது வேறு. முதலாவது நமக்கு வேண்டாம். இரண்டாவது கட்டாயம் வேண்டும். இதுதான் என் கட்சி.

நடுராத்திரி அழுகை ஏன்?

குழந்தையின் தூக்கம் ஒரே நீட்டாகப் போவதில்லை. ஆழ்ந்து, லேசாகி, மறுபடி ஆழ்ந்து... இப்படி அலை அலையாகப் போகிறது. ஒவ்வோர் அலையின் முடிவிலும் குழந்தை அரைகுறையாக விழிக்கும். நாமும்தான் விழிக்கிறோம். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம் இருப்பதில்லை.

தோளில் தூங்கிய பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தூங்கும்போது அப்பாவின் தோள் இருந்தது. விழித்தால் பாய்! நீங்கள் கட்டிலில் படுத்து, கண் விழிக்கும்போது மொட்டை மாடியில் கிடந்தால் சத்தம் போட மாட்டீர்களா? அதைத்தான் அதுவும் செய்கிறது. மறுபடி தூங்கத் தோள் வேண்டும். ராத்திரியில் மூன்று தடவை விழித்தால் மூன்று தடவையும் வேண்டும்.

எந்த இடத்தில் தூக்கம் வருகிறதோ, அந்த இடத்திலேயே விழித்தால் பயம் இல்லை. தூக்கத்தின் கடைசிப் படியைக் குழந்தை தானே ஏற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். இருக்கவும் வேண்டும்!

நம் ஊர் கடிகாரம்

இன்னொரு சங்கடம், நேரம். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த, மூன்று வயது வரையிலான 29,287 குழந்தைகளின் தூக்கத்தைக் கேட்டறிந்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. ஆசிய நாட்டுக் குழந்தைகள் மற்ற நாட்டுக் குழந்தைகளைவிட லேட்டாகப் படுக்கிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள் என்று தெரிந்தது. நியூசிலாந்துக் குழந்தை சராசரியாக ஏழரை மணிக்குத் தூங்கப் போகிறது. ஹாங்காங் குழந்தை பத்தேகால் மணிக்கு!

நம் பக்கம் ஏன் லேட் என்று சொல்லவா வேண்டும்? அப்பாவின் ஆபீஸ் கிண்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ இருக்கும். ஜி.எஸ்.டி. ரோடு டிராபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. 'அப்பா முகத்தைப் பார்க்காம எப்படித் தூங்கும்?' என்று குழந்தையை உட்கார வைக்கிறோம். அவர் வந்ததும் குதிரை ஏற்றம், தூக்கிப் போட்டுப் பிடித்தல், ஒரே கும்மாளம்! தூக்கம் வந்த பிள்ளைக்கு அது ஓடிப்போகிறது.

கணக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். ராத்திரி பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையை, நீங்கள் வேலைக்குக் கிளம்புவதற்காகக் காலை ஏழு மணிக்கு எழுப்புகிறீர்கள். எட்டு மணி நேரம். மத்தியானம் ஒன்றரை மணி நேரம். கூட்டினால் ஒன்பதரைதான்! மறுநாள் சாயங்காலம் காரணமில்லாமல் அடம் பிடித்தால் 'பிடிவாதக்காரி' என்று பட்டம் கட்டாதீர்கள். பாதிப் பிடிவாதம் தூக்கக் கடன்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி ஒன்பதரை மணியை விட்டுக்கொடுங்கள், காலை ஆறரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பல் தேய்த்து விடுவது, குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது என்று அந்த ஒரு மணி நேரம் முழுக்க உங்களுடையது. களைத்துப்போன குழந்தையின் ராத்திரி அரை மணியைவிட, தூங்கி எழுந்த குழந்தையின் காலை எவ்வளவோ இனிப்பு. கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டுக்கொடுக்க முடிந்தவர் அந்த வீட்டில் பெரியவர்தானே?

பாட்டி சொன்னது சரி!

குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, விளக்கைக் குறைத்து, தாலாட்டுப் பாடி... பாட்டி காலத்து வழக்கம் இது. 2009-ல் அமெரிக்காவில் 405 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குளியல், உடம்பை நீவி விடுதல், பிறகு அமைதியான பாட்டோ அணைப்போ, அரை மணிக்குள் விளக்கை அணைத்தல். இந்த வரிசையைத் தினமும் ஒரே மாதிரி இரண்டு வாரம் செய்தார்கள். குழந்தைகள் சீக்கிரம் தூங்கின, ராத்திரி விழிப்பது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தேறியது. பாட்டி எப்போதோ பாஸ் பண்ணிவிட்ட பரீட்சை!

வெளிச்சத்தைக் குறைப்பது சும்மா இல்லை. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கப் போகுமுன் பிரகாசமான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் அடங்கிப்போனது. ஆகவே படுக்க ஒரு மணி நேரம் முன்பே டியூப்லைட்டை அணையுங்கள். டி.வி. சீரியல் வேறு அறையில் ஓடட்டும், அல்லது ஓடாமலே இருக்கட்டும். செல்போன் கூடவே கூடாது. இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது வீடியோ கால் தவிர திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021-ஆம் ஆண்டு அறிவுரை.

இரண்டே வாரம்

ஒன்றரை வயது தாண்டிய, ஆரோக்கியமான குழந்தைக்கான யோசனை இது. தனி அறை தேவையில்லை. ஒற்றை பெட்ரூம் போதும், ஹாலில் விரித்த பாய் போதும்.

முதல் மூன்று நாள் நேரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். காலையில் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். மத்தியானத் தூக்கம் மூன்றரைக்குள் முடியட்டும். படுக்கும் நேரத்தைத் தினம் கால் மணி முன்னே இழுங்கள். ஒன்பதுக்குள் தூங்கினாலே பெரிய வெற்றி.

அடுத்த சில நாள், தோளிலோ தூளியிலோ தூங்க வைக்காமல், கண் சொக்கும்போதே பாயில் விடுங்கள். பக்கத்திலேயே படுத்துத் தட்டிக்கொடுங்கள். அழுதால் தட்டுங்கள், பேசுங்கள், தேவைப்பட்டால் அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுந்து நடக்காதீர்கள்.

இரண்டாவது வாரம் தட்டுவதைக் குறையுங்கள். கை மட்டும் மேலே இருக்கட்டும். பிறகு கையையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு ஓர் அடி தள்ளி. கடைசியில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று ஒரு குரல்!

'தண்ணி', 'உச்சா', 'இன்னொரு கதை' என்று மனு வரும். எல்லாவற்றையும் விளக்கணைக்குமுன் முடித்துவிடுங்கள். அதன்பிறகு ஒரே ஒரு மனுவுக்கு அனுமதி. இரண்டாவதுக்கு, சிரித்துக்கொண்டே "நாளைக்கு!" நாலாம் நாள் பாவம் பார்த்துத் தோளில் தூக்கினால், 'நிறைய அழுதால் கிடைக்கும்' என்று அது பாடம் படித்துவிடும். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் முதலிலேயே பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள்.

அழுகை வரத்தான் செய்யும். பழக்கம் மாறும் கோபம் அது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அழுவது கைவிடப்பட்ட அழுகை அல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கைக்குழந்தைகளுக்கு, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விலகும் முறை, நடுநடுவே போய்ச் சமாதானம் செய்யும் முறை என்ற இரண்டில் ஒன்றைப் பழக்கினார்கள். அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தபோது மனநலத்திலோ, பெற்றோரோடு உள்ள ஒட்டுதலிலோ எந்தக் கெடுதலும் இல்லை. 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முறைதான் நம் வீட்டுக்குப் பொருத்தம் என்பேன்.

முதலில் இதைப் பாருங்கள்

பிள்ளை தூங்காததற்குப் பழக்கம் மட்டும்தான் காரணமா? செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் என்று நம் பக்கம் ஏரிகள் அதிகம், கொசுவும் அதிகம். கொசுவலை கட்டுங்கள். வெயில் காலத்தில் பருத்திச் சட்டை, ஜன்னல் காற்று, நல்ல ஃபேன். பம்மல், பொழிச்சலூரில் தலைக்கு மேல் போகும் விமானம்கூட நாளடைவில் பழகிவிடும். கொசுக்கடி பழகாது!

தூளி கைக்குழந்தைக்குச் சுகம். எழுந்து நிற்கிற, சுற்றி விளையாடுகிற பிள்ளைக்கு அது ஆபத்து. கழுத்தில் சேலை முறுக்கிக்கொள்ளலாம், தலைகீழாக விழலாம். நடக்க ஆரம்பித்ததும் கொக்கியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'சளி சிரப் ஒரு மூடி கொடு, நல்லா தூங்கும்' என்பார்கள். கொடுக்காதீர்கள். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவே போட்டிருக்கிறது.

தினமும் குறட்டை, வாயால் மூச்சு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காலை உதைத்துப் புரண்டுகொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா என்றும் கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள்.

வீட்டில் புதுப் பாப்பா, ஊர் மாற்றம், காய்ச்சல் என்றால் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மற்றபடி இன்று ராத்திரியே தொடங்கலாம். நாம் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்ற பிள்ளை ஒருநாள் தானே பிசைந்து சாப்பிட்டபோது மேலெல்லாம் சாதம்தான், ஆனாலும் நமக்கு எவ்வளவு பெருமை! தூக்கமும் அப்படித்தான். முதல் சில நாள் சிந்தும், சிதறும். பிறகு ஒரு ராத்திரி, கதை முடியுமுன்னே புரண்டு படுத்து, தானே தூங்கிப் போயிருக்கும். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

அப்புறம் என்ன... நீங்களும் தூங்குங்கள்!