சுர்மா சுன்னத்; காரீயம் சுன்னத் அல்ல

 

குழந்தையின் எடை ஏறவில்லையென்றால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் ‘கண்ணேறு’. அங்கன்வாடித் தராசில் எண் கூடவில்லை என்றதும் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். மார்க்கம் காட்டாத கறுப்புக் கயிற்றையும் கட்டுகிறோம். கண்ணிலும் கன்னத்திலும் சுர்மா இடுகிறோம். கண்ணேறு உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கு மார்க்கம் காட்டிய வழி ஓதிப் பார்ப்பதும் துஆவும் ஆகும். ஆனால் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்று அந்தச் சுர்மா டப்பியிலேயே இருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தது ‘இஸ்மித்’ என்னும் கல். அது அன்டிமனி என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ஆனால் சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது காரீய சல்ஃபைடு. இரண்டும் கறுப்பு, இரண்டும் மின்னும், கண்ணால் பிரித்தறிய இயலாது. அழகுசாதனங்களில் நிறத்துக்காகக் காரீயச் சேர்மங்களைச் சேர்ப்பதை இந்தியச் சட்டமும் தடை செய்கிறது.

காரீயம், அதாவது ஈயம், என்ன செய்யும்? குழந்தை கண்ணைக் கசக்கி, அதே விரலை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்க்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளையின் குடல் இன்னும் கூடுதலாக ஈர்க்கும். மெலிந்த பிள்ளைக்கே மிகுதியான நஞ்சு! எலும்பில் பல்லாண்டுகள் தங்கும் அவ்வுலோகம், பெண் கருவுற்ற காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் அடைகிறது. தாயின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவான காரீயம் கருவின் வளர்ச்சிக் குறைவோடு தொடர்புடையது என்பதற்குப் போதிய சான்று உண்டென, அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2012இல் அறிவித்தது. மெலிந்த பிள்ளைகள் அனைவருக்கும் காரீயமே காரணம் என்று நாம் கூறவில்லை. பசி, வயிற்றுப்புழு, நோய் எனக் காரணங்கள் பல. தவிர்க்கக்கூடிய ஒன்றை ஏன் நம் கையாலேயே இட வேண்டும் என்பதே நம் கேள்வி.

நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலில், இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. அங்கே கேள்வி கேட்க ஒரு நிறுவனமாவது இருந்தது. உள்ளிருப்பது என்னவென்று அச்சிடாத டப்பியை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும்.

“சுன்னத்தையா தடுக்கிறீர்கள்?” என்று சிலர் கொதிக்கலாம். சுர்மா இடுவது முஸ்தஹப்பு, விட்டால் பாவமில்லை. நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குத் தீங்கு செய்யாதிருப்பதோ கடமை. “எங்கள் பாட்டிமார் இட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே” என்பர் வேறு சிலர். ஒன்றும் ஆகவில்லை என்று அளந்தவர் யார்? காரீயம் வலி காட்டாமல் வேலை செய்யும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். சோதிக்காத பொடியைச் சுன்னத் என்று கூறி விற்கும் சகோதரர்கள் அந்தக் குவியலை நினைக்கட்டும்.

முயன்றால் மாற்றம் வருமா? வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்டக் காரீயக் குரோமேட்டைக் கலந்து வந்தனர். 2019இல் ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்த, அரசு மக்களை எச்சரித்தது. கலப்படம் செய்தோரைத் தண்டித்தது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021இல் பூச்சியமாயிற்று.

ஆகவே, சிசுக்களின் கண்ணில் சுர்மா இடுவதை இன்றே நிறுத்துவோம். பெரியவர்களும் சோதனைச் சான்று இல்லாத பொடியை வாங்க வேண்டாம். எடை ஏறாத பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதோடு மருத்துவரிடமும் காட்டி, இதுவரை சுர்மா இட்டு வந்ததைச் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்க வேண்டுமா எனக் கேட்போம். காஜிமார் தெரு முதல் மேலூர் வரையுள்ள ஜமாஅத்துகள், தங்கள் பகுதியில் விற்கும் சுர்மாவை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை ஜும்ஆ மேடையில் அறிவிக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளை நலமுடன் வளரச் செய்வானாக. ஆமீன்.