ஆடுபுலியில் கொஞ்சம் தாயம் கலந்தால்...

மினியேச்சர் போர் விளையாட்டு என்றாலே எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் பொம்மை வாங்கி, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்துக் காட்டுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். வார்ஹாமர் பெட்டி ஒன்று சில ஆயிரம் ரூபாய். பெயின்ட் தனி, பிரஷ் தனி. நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்த பெரியப்பா பையன்தான் அந்த நினைப்பைக் கெடுத்தான். அவன் கொண்டுவந்தது 'சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்'. 2007-ல் ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோய் என்ற இத்தாலிக்காரர் எழுதியது. அவருடைய கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? கணேஷா கேம்ஸ்! (பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்.) இதில் வாங்க வேண்டியது விதிப்புத்தகம் மட்டும்தான். பொம்மை எதுவாக இருந்தாலும் சரி.

அப்புறம் என்ன, வீட்டைக் குடைந்தோம். என் படை செஸ் காய்கள். அண்ணன் படை, எப்போதோ பாடைக்காவடித் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள், கூடவே வால் உடைந்த ஒரு புலி. வெடிக்குப் பேர்போன வலங்கைமானில் காலி வெடிப் பெட்டிக்கா பஞ்சம்? திண்ணையில் நாலைக் கவிழ்த்தால் இடிந்த கோட்டை ரெடி. தூரம் அளக்க மூன்று நீளத்தில் குச்சி வேண்டுமாம். துடைப்பத்திலிருந்து மூன்று ஈர்க்குச்சி உருவினோம். செலவு, பகடைக்குப் பத்து ரூபாய்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே எண்கள். ஒன்று தரம், இன்னொன்று சண்டை. ஒருவனை நகர்த்த வேண்டுமானால் ஒன்று, இரண்டு அல்லது மூன்று பகடை உருட்டலாம். எத்தனை என்பது நம் இஷ்டம். அவன் தரம் 4 என்றால் 4-ம் அதற்கு மேலும் விழுகிற ஒவ்வொரு பகடைக்கும் ஒரு வேலை செய்வான், நடப்பான் அல்லது வெட்டுவான். ஆனால் இரண்டு பகடை தவறினால் முறை எதிராளிக்குப் போய்விடும். மிச்ச ஆட்களெல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

இங்கேதான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரே பகடை உருட்டினால் முறை போகவே போகாது, ஆனால் ஆமை வேகம். தரம் 4 உள்ளவனுக்கு இரண்டு உருட்டினால் நாலில் ஒரு தடவை முறை போகும். மூன்று உருட்டினால் பாதிக்குப் பாதி! பிளஸ் டூவில் நிகழ்தகவுக் கணக்கு போட்டபோது வராத வயிற்றுக் கலக்கம் அன்றைக்கு வந்தது.

ஆடுபுலியில் 15 ஆட்டையும் சொன்ன இடத்தில் வைக்கலாம், ஒரு ஆடுகூட மாட்டேன் என்று சொல்லாது. தாயத்திலோ தாயம் விழாமல் காயே உள்ளே இறங்காது. இந்த ஆட்டம் இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. எங்கே போக வேண்டும் என்பது நம் மூளை, போவானா மாட்டானா என்பது பகடை. வெளிநாட்டு விளையாட்டு, நமக்கு ஒட்டாது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சாட்சிக்கு எங்கள் அப்பாயி. என் செஸ் ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய் விழுந்து கிடந்தான். விழுந்தவனைச் சண்டையில் ஜெயித்தாலே போதும், ஆள் காலி. பக்கத்திலேயே நின்றேன், ஒரு வேலை தேறினால் போதும். ராஜாவுக்குத் தரம் 3 வேறு. நான் மூன்று பகடை உருட்டினேன். 1, 1, 2. முறை போச்சு. சிப்பாய் எழுந்தான், புலி வந்தது. இருவரும் பகடையோடு சண்டை எண்ணைக் கூட்ட, புலிக்கு 9, எனக்கு 4. இரண்டு மடங்கு வந்தால் சாவு. தலைவன் செத்ததும் படைக்குத் தைரியச் சோதனை. பாதிப்பேர் திண்ணையை விட்டே ஓடினார்கள்.

"ஒன்னு போட்டா போதும்ல, எதுக்குடா மூணு?" என்றது அப்பாயி. பள்ளிக்கூடம் போகாத, தாயம் மட்டுமே தெரிந்த கிழவி. புத்தகத்தின் பக்கமே வரவில்லை.

சண்டை ஆட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆர்க், எல்ஃப் எல்லாம் எதற்கு, ஐயனாரையும் முனியையும் இறக்கலாம் என்றான் அண்ணன். "சாமிய வச்சு வெளாடாத" என்று அப்பாயி ஒரே போடு. அண்ணனுக்குக் கோபம். அவர்கள் கம்பெனிக்கே கணேஷா என்று பெயர் வைக்கலாம், நாம் செய்தால் குற்றமா என்றான்.

நான் அப்பாயி கட்சி. பயத்தால் இல்லை. இந்த ஆட்டத்தில் களத்தில் நிற்கிற எவனும் 1 விழுந்தால் சாகலாம், அதனால்தான் உருட்டும்போது கை நடுங்குகிறது. ஊர் எல்லையில் காவல் நிற்கிறவரைச் சாகக் கொடுக்க எங்களில் யாருக்கும் மனசு வராது, அவருக்கு மட்டும் சலுகை தருவோம், ஆட்டம் கெட்டுப்போகும். பெயர் வைப்பது வேறு, பகடைக்குக் கீழே நிறுத்துவது வேறு. செத்தால் யாரும் வருத்தப்படாத மோகினி, வேதாளம், கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் நம்மிடம் எக்கச்சக்கம்!

அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் வரும்போது பார்க்கலாம் என்று போயிருக்கிறான். அப்பாயி கொள்ளிவாய்ப் பிசாசுக்குத் தரம் எத்தனை என்று கேட்டுவிட்டது, தனக்கு அதுதான் வேண்டுமாம் :)