கண்ணுக்கு வந்த சோதனை



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதை அடுத்துவரும் ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் பெற்றோர் பலர் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் நமக்காகக் காத்திருப்பதுண்டு. மகனை எதில் சேர்க்கலாம், மகளுக்கு எது ஏற்றது என்பதே அன்றைய பேச்சு. ஆசிரியர் பணி, செவிலியர் படிப்பு, பொறியியல் என்று இருந்த பட்டியலில் அண்மைக் காலமாக விமானி என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. திருச்சியில் 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய விமான முனையத்தைக் கண்டுவந்த பிள்ளைகளுக்கு அவ்வாசை எழுவதில் வியப்பில்லை. அது நல்ல ஆசையே. ஆயினும் அவ்வாசையின் வாயிலில் ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறோம்.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது ஜீயபுரம். அப்பகுதியில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். அவ்வீட்டு மகன் பத்து வயதில் நம்மிடம் பீடச் சிறுவனாக இருந்தான். ஒரு ஜூலை 3-ஆம் நாள், திருத்தூதர் தோமையாரின் திருநாள். மறைசாட்சியின் நாளாதலால் சிவப்புத் திருவுடையை எடுத்து வைக்கச் சொன்னோம். சிறுவன் பச்சையை எடுத்து வைத்தான். “சொன்னதைக் காதில் வாங்குவதில்லையா?” என்று மற்றச் சிறுவர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றான், மறுமொழி கூறவில்லை. மறுமொழி கூற அவனுக்கே காரணம் தெரிந்திருக்கவில்லை என்பதை நாம் அறிய எட்டு ஆண்டுகள் ஆயின.

பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணிதத்திலும் நன்மதிப்பெண் பெற்ற அவன், விமானியாக விரும்பினான். வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைய வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்பயிற்சிக்குப் பல பத்து லட்சம் ரூபாய் ஆகும். தந்தையார் தோட்டத்தை அடகு வைக்கப் பத்திரத்தையும் எடுத்துவிட்டார். நல்வேளையாக, உறவினர் ஒருவர், “முதலில் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள்” என்றார். பையன் சென்றான். பார்வைக் கூர்மையில் குறையில்லை. செவி, இதயம், இரத்த அழுத்தம் யாவும் சரி. கடைசியாக மருத்துவர் ஒரு புத்தகத்தை விரித்தார்.

ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை ஏடு அது. பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் மறைந்திருக்கும். முதல் ஏட்டில் உள்ள 12 என்பதை எல்லாரும் படித்துவிடுவர். பையனும் படித்தான். அடுத்த ஏட்டில் மற்றவர் கண்ணுக்கு 8 தெரியும். அவனோ 3 என்றான். அதற்கடுத்து 6 இருக்கும் இடத்தில் 5 என்றான். சில ஏடுகளில் எண்ணே இல்லை என்றான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் அவனுக்குப் பிறவியிலேயே குறைவு என்று அன்றுதான் தெரிந்தது. நாம் வழக்கில் நிறக்குருடு என்கிறோம். அச்சொல் பொருத்தமற்றது. அவன் குருடனல்லன், உலகைத் தெளிவாகவே காண்கிறான். சில நிறங்கள் மட்டும் அவனுக்கு ஒன்றுபோல் தோன்றுகின்றன.

இக்குறையைத் தன்னிடமே கண்டு முதன்முதல் விரிவாக எழுதியவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் டால்டன். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற அவரேதான். 1794-இல் மான்செஸ்டர் நகரில் அவர் அக்கட்டுரையைப் படித்தார். தம் உடன்பிறந்தாருக்கும் அதே குறை இருப்பதை அதில் எடுத்துக்காட்டினார். தம் விழிக்குள் இருக்கும் நீர் நீலநிறமாக இருக்கலாம் என்று எண்ணி, தாம் இறந்தபின் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். 1844-இல் அவர் மறைந்தபோது பார்த்தார்கள். நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் திசுவை 1995-இல் மரபணு முறையில் ஆய்ந்தபோதுதான், பச்சையை உணரும் கூம்புச் செல் வகை அவருக்கு இல்லை என்பது புலப்பட்டது. கருஞ்சிவப்புப் பட்டமளிப்பு அங்கியை இலையின் நிறமென்று அவர் கண்டார் என்பர். நம் பீடச் சிறுவன் செய்த பிழையும் அதுவன்றோ!

விமானத்தை ஓட்ட நிறம் எதற்கு என்று கேட்பீர்கள். ஓடுதளத்தின் அருகே நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டது. நான்கும் வெள்ளையானால் மிக உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை. வானொலித் தொடர்பு அறுந்தால் கோபுரத்திலிருந்து நிலையான பச்சை ஒளி வரும், இறங்கலாம் என்று. நிலையான சிவப்பு வரும், வழிவிட்டு வட்டமிடு என்று.

2002 ஜூலை 26 அன்று, அமெரிக்காவின் டாலஹாசி நகரில், விடியுமுன் இறங்கிய ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்று ஓடுதளத்துக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளிருந்த மூவரும் பலத்த காயங்களுடன் உயிர் தப்பினர். களைப்பு, கவனக்குறைவு ஆகியவற்றோடு, அப்போது விமானத்தை ஓட்டிய துணை விமானியின் நிறப்பார்வைக் குறையும் ஒரு காரணமென்று விசாரணையாளர் முடிவு செய்தனர். அவர் பல ஆண்டுகள் மருத்துவச் சோதனைகளில் தேர்ச்சி பெற்று வந்தவர்.

பொன்மலையில் இரயில்வே குடும்பங்கள் இதை நன்கு அறியும். இரயில் ஓட்டுநருக்குரிய ஏ-1 மருத்துவச் சோதனையில் நிறப்பார்வை தவறினால் எஞ்சினில் ஏற முடியாது. கைகாட்டியின் சிவப்பைப் பச்சையென்று கண்டால் பின்னால் வரும் நூற்றுக்கணக்கானோரின் கதி என்னாவது?

இனி, நாம் சொல்ல வந்த இரண்டாவது சோதனைக்கு வருவோம். மருத்துவர் முதல் ஏட்டோடு நிறுத்திவிடவில்லை, மேல்சோதனைக்கு அனுப்பினார். பன்னாட்டு விமான விதி அதற்கு இடம் தருகிறது. ஏட்டில் தவறியவரும், பறப்பதற்குத் தேவையான நிறங்களைப் பிரித்தறிய முடியுமென்று மற்றொரு முறையில் மெய்ப்பித்தால் தகுதி பெறலாம். அதிலும் தவறுவோருக்குப் பகலில் மட்டும் பறக்கும் தனி உரிமத்துக்கே அவ்விதி வழிவிடுகிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் வேலைக்கு அன்று. நம் பையன் மேல்சோதனையிலும் தவறினான்.

சில நாள் கழித்துத் தந்தையார் இரவு நேரத்தில் நம்மிடம் வந்தார். “சாமி, ஒருத்தர் பழக்கமாகியிருக்கார். அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல எந்த எண் வரும்னு மனப்பாடம் பண்ண வச்சிடுறேங்கிறார். வேற ஊர்ல புதுசா சோதனை எழுதலாமாம். கொஞ்சம் பணம் கேக்கறார். பையனோட எதிர்காலம் சாமி, இது அவ்வளவு பெரிய பாவமா?” என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. அந்த மனிதர் தீயவரல்லர். தம் வாழைத் தோட்டத்தையே மகனுக்காகத் தர முன்வந்தவர். பின்பு கேட்டோம்: “உங்கள் மகள் நாளை வளைகுடா நாட்டிலிருந்து கைக்குழந்தையோடு இரவு விமானத்தில் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அமர்ந்து ஓட்டுகிறவன் எண்களை மனப்பாடம் செய்து வந்தவன் என்று உங்களுக்குத் தெரிந்தால், அவளை ஏற விடுவீர்களா?” அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மாட்டேன் சாமி” என்றார்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் சோதனையில் விழாதிருக்க நாள்தோறும் வேண்டுகிறோம். சோதனை எப்போதும் கொம்பும் வாலுமாக வருவதில்லை. பிள்ளைப் பாசத்தின் உடையிலும் வரும்.

அவ்வீட்டுத் தாயார் மற்றொரு கேள்வி கேட்டார். மகனுக்காக லொரேட்டோ அன்னைக்கு ஒன்பது நாள் செபம் செய்தவர் அவர். 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்த அன்னை. “வேண்டினேனே சாமி, ஏன் இப்படி?” என்றார். அன்னை விமானிக்கு மட்டுமல்ல, விமானத்தில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தாயன்றோ என்று மட்டும் கூறினோம். அவர் கண்ணீர் அதனால் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டோம்.

அக்கண்ணீருக்கு வேறொரு காரணமும் இருந்தது. இக்குறை தாய்வழியாக வருவது என்று யாரோ கூற, மாமியார், “எங்கள் வீட்டில் இப்படி யாருமில்லை, எல்லாம் உன் வீட்டுச் சீதனம்” என்று பேசத் தொடங்கியிருந்தார். மாமியாரே, மருமகளே, இருவரும் கேளுங்கள். இதற்கான மரபணு எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு, ஒன்றில் குறையிருந்தாலும் மற்றொன்று ஈடுகொடுத்துவிடும். எனவே தாய்க்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது. ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கும், பெண்கள் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கும் இது உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. பின்னர் விசாரித்ததில், அப்பையனின் தாய்வழிப் பாட்டனார் மிளகாய்த் தோட்டத்தில் பழுத்ததையும் காயையும் கலந்து பறிப்பாராம். சோம்பேறி என்று ஊரார் ஏசினராம். பாட்டனாருக்கு ஒரு ஏச்சு, பேரனுக்கு நம் ஏச்சு! இது எவருடைய பாவத்துக்கும் தண்டனையன்று, எவருடைய குற்றமுமன்று.

ஒரு வாயில் அடைபட்டதால் எல்லா வாயிலும் அடைபட்டதாக எண்ண வேண்டா. தேவையற்ற தடைகளை நீதிமன்றங்களும் நீக்கி வருகின்றன. நிறப்பார்வைக் குறையுள்ள மாணவர் மருத்துவம் பயில 2017-இலும், திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் பயில 2022-இலும் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, இக்குறையைக் காரணம் காட்டி மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவருக்கு, 2023 அக்டோபரில் அப்பணியை வழங்க அதே நீதிமன்றம் ஆணையிட்டது. ஆஸ்திரேலியாவில் 1989-இல் நடந்த ஒரு வழக்குக்குப் பின் இக்குறையுள்ள விமானிகள் பலருக்கே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. விதி தேவைக்கு மேல் கடுமையாக இருந்தால் வெளிப்படையாக முறையிடலாம். அது குடிமகனின் உரிமை. விதியை இருட்டில் ஏமாற்றுவது வேறு.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் அறிவோம். கண் செய்வதைக் கை செய்ய வேண்டுமென்று கடவுள் கேட்பதில்லை.

எனவே பெற்றோருக்குச் சில சொற்கள். பிள்ளை இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினால், பச்சைச் செடியில் செம்பருத்திப் பூவைத் தேடித் தவித்தால், வாழைப்பழம் பழுத்ததா என்று தொட்டுப் பார்த்தே சொன்னால், அடிக்காதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சில நிமிடச் சோதனைதான். விமானம், இரயில், கப்பல், இராணுவம் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அதைச் செய்துவிடுங்கள். கண்ணாடி அணிந்தவன் விமானியாக முடியாது என்று அஞ்ச வேண்டா. கண்ணாடியால் தேவையான அளவுக்குப் பார்வை சரியாகுமெனில் தடையில்லை. ஆனால் பிறவி நிறக்குறைக்கு இன்றுவரை மருந்தில்லை. எண்ணெயாலும் ஊசியாலும் வண்ணக் கண்ணாடியாலும் குணமாக்குவோம் என்பாரிடம் பணத்தை இழக்காதீர்கள். இதுவரை சரியாகத் தெரிந்த நிறம் திடீரென மங்கினால், குறிப்பாகக் காசநோய் மருந்து உண்போருக்கு அவ்வாறு நேர்ந்தால், அது வேறு. அன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவச் சான்று கைக்கு வருமுன் நிலத்தை அடகு வைக்காதீர்கள். பயிற்சிக் கட்டணமும் செலுத்தாதீர்கள்.

அந்தப் பையன் இன்று திருச்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் பயில்கிறான். தோட்டம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போனால் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறான் என்று தந்தையார் சொன்னார். அந்த ஏக்கம் ஒரே நாளில் ஆறிவிடாது. ஆறவேண்டுமென்று அவனை நெருக்கவும் வேண்டா.

விடுமுறையில் அவன் வந்தபோது, அன்று கடிந்துகொண்டதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். சிரித்துக்கொண்டே, “விடுங்க சாமி” என்றான். பின்பு உள்ளே சென்று, திருவுடைகள் தொங்கும் கம்பியில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சீட்டைக் கட்டினான்: வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா. இப்போதுள்ள பீடச் சிறுவர் எவரும் நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டியதில்லை. படித்து எடுத்தாலே போதும்.