ஓய்வுக்கால மேசையில் ஒரு சிறு விமானம்

பணி ஓய்வு பெற்றோர் தம் பொழுதை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பது பற்றி இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகிறோம். தோட்டம் வளர்ப்போரையும், பங்குப் பணிகளில் ஈடுபடுவோரையும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோரையும் நாம் நன்கறிவோம். இம்மாதம் நம் வாசகர் பலர் அறியாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அறுபதைக் கடந்த பலர், சிறு பிராயத்தில் கைவிட்ட ஒரு வேலையை மீண்டும் கையில் எடுத்திருக்கின்றனர். விமானம், கப்பல், மோட்டார் வண்டி ஆகியவற்றின் அளவு குறைத்த மாதிரிகளைப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொண்டு ஒட்டி, வண்ணம் தீட்டி உருவாக்குவதே அவ்வேலை.

அளவு குறைத்த மாதிரி என்பதன் பொருளைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டுவோர் எளிதில் உணர்வர். வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய சுரூபங்களை ஒன்றுகூட்டி வைத்தால் ஆட்டுக்குட்டி இடையனின் இடுப்பளவு நிற்கும். மூன்று ராஜாக்கள் கூரைக்கு மேல் தலை நீட்டுவர். குடிலில் அதனை எவரும் குறையாகக் கொள்வதில்லை. மாதிரி கட்டுவோருக்கோ அளவே உயிர். அவர்களிடையே பெருவழக்காக உள்ள அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறு அடி உயர மனிதன் அதில் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். சிறகு விரிவில் 11.23 மீட்டர் கொண்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 15.6 சென்டிமீட்டராகச் சுருங்கி, விரித்த கையில் அடங்கிவிடும்.

இப்பழக்கம் பரவிய கதையும் சுவையானது. நிக்கோலஸ் கோவ் என்னும் ஹங்கேரி நாட்டவர் 1939-ல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றடைத்த ரப்பர்ப் பொம்மைகளே அதன் முதற் சரக்கு. பிறகு, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இயந்திரத்தை வாங்கித் தலைசீவும் சீப்புகளைச் செய்தது. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர் தம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென அவ்வண்டியின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து தந்தது. 1952-ல், கடலோடி டிரேக்கின் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பல் துண்டு துண்டாக ஒரு சாதாரணப் பையில் இடப்பட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்பனையாயிற்று. ஒரு சிறுவன் தன் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கக்கூடிய விலை அது. சீப்பு வார்த்த தொழிலே இங்கிலாந்துச் சிறுவர் கையில் கப்பலையும் விமானத்தையும் கொண்டுவந்து வைத்தது என்றால் மிகையாகாது.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1946-ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது. பின்னர் மர மாதிரிகள் செய்து, 1960-ல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலுடன் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அதற்குச் சற்றுப் பின்னர் அது வெளியிட்ட டாங்கி மாதிரிக்கு மின்கலமும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டியிருந்தது. அவ்விடத்துக்கு ஏற்ப அமைந்த அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. கணக்கில் அழகற்ற அந்த எண்ணே இன்று உலகெங்கும் தரைப்படை மாதிரிகளுக்கு வழக்கமான அளவாகிவிட்டது.

சிறுவர்கள் வளர்ந்தனர்; படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை இழுத்துச் சென்றது. ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்துப் போயிற்று. பலர் கை மாறி, 2006-ல் ஹார்ன்பி என்னும் ரயில் பொம்மை நிறுவனத்தை வந்தடைந்தது. அன்று காசு சேர்த்து வாங்கிய சிறுவரே இன்று ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை எடுத்து மீண்டும் வாங்குகின்றனர். இத்தொழில் உயிர்த்திருப்பதற்கு அவர்கள் ஒரு பெருங்காரணம் என்பதே நம் எண்ணம்.

போர்க்கருவிகளைச் செய்து அடுக்குவது தகுமா என்று நம் வாசகர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி நமக்கும் உண்டு. எனினும் இவர்களில் பலர், தம் தந்தையர் பறந்த விமானத்தையோ பணியாற்றிய கப்பலையோதான் தேடிப் பிடித்துச் செய்கின்றனர். வீட்டில் வாய் திறந்து போரைப் பற்றிப் பேசாத தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். விமானியின் இருக்கை எத்துணைக் குறுகியது என்பதை விரலால் ஒட்டிப் பார்க்கும்போது, அவரை ஓரளவேனும் அறிந்துகொள்கின்றனர் போலும். மேலும், மாதிரி என்றாலே படைக்கலம் என்பதில்லை. பிரான்சு நாட்டு மார்செய் நகரில் குன்றின்மேல் நிற்கும் நோத்ர் தாம் த லா கார்த் ஆலயத்தில், கடலோடிகள் நேர்ச்சையாகத் தந்த கப்பல் மாதிரிகள் மேற்கூரையிலிருந்து தொங்குகின்றன. நிறுவனங்கள் தோன்றுமுன்னரே மனிதன் இவ்வேலையை அறிந்திருந்தான்.

திரும்பி வருபவர் முதலில் வியப்பது பெட்டியைத் திறந்தவுடன். அந்நாள் அச்சுகளில் தகடுகளின் இணைப்புகள் மேடிட்ட கோடுகளாகவும், ஆணித்தலைகள் கொப்புளங்களாகவும் இருந்தன. இந்நாளில் அவை நூலிழையெனக் குழிந்து செதுக்கப்பட்டிருக்கின்றன. அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மை விமானத்தையே ஒளிக்கதிரால் அளந்து, கணினியில் வரைந்து அச்சு செய்கின்றனர். பசையும் மாறிவிட்டது. குழாயிலிருந்து பிதுங்கி நூல் நூலாய் இழுத்து, விரல் ரேகையைச் சிறகில் பதித்த பழம்பசையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று தண்ணீர் போன்ற திரவப் பசை உண்டு. இரு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தானே இடுக்கில் பரவும். இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆனால் கண்ணாடி போன்ற பாகங்களின் அருகில் அதனைக் கொண்டு செல்லலாகாது. அதன் ஆவி பட்டாலே அவை மங்கிப் போகும். அவற்றுக்கு மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே போதும். சன்னலைத் திறந்துவைத்து ஒட்டுதல் நன்று. நெஞ்சு நோயுள்ளோர் இதில் கவனமாயிருத்தல் வேண்டும்.

பெட்டி மாறியதுபோல் உடலும் மாறிவிட்டதே, அங்கேதான் பலருக்குச் சோதனை. நாற்பதைக் கடந்த பின் வெள்ளெழுத்து எவரையும் விடுவதில்லை. நெற்றியில் பட்டையாக அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடி அதற்குத் துணை. பெருக்கும் ஆற்றல் கூடக்கூட, பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் கொணர வேண்டியிருக்கும். ஆகவே குறைந்த ஆற்றலும் நல்ல விளக்கும் கொள்வதே அறிவுடைமை. கண்ணின் வில்லை முதுமையில் மஞ்சளிப்பதால் நீல நிறங்கள் மங்கித் தெரியும். புரை நீக்கிய பின்னரோ, முன்பு பூசிய வான்நீலம் எதிர்பாராத வண்ணம் பளிச்சிடுவதும் உண்டு. கை நடுக்கத்துக்கு மருந்தைவிட மேசை உதவுகிறது. இரு முழங்கைகளையும் ஊன்றி, மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தால் தூரிகை நிலைபெறும்.

எனினும், திரும்பி வந்தோருள் முதல் மாதிரியோடு மனமுடைந்து விட்டுவிடுவோர் உளர். கண்ணும் கையும் மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் எண்ணவில்லை. பத்து வயதுச் சிறுவனுக்குக் குறை காணத் தெரியாது. பசை காயுமுன்னே வாயால் இரைந்தபடி விமானத்தை வீட்டைச் சுற்றிப் பறக்கவிட்டான். நாற்பது ஆண்டு தொழில் பார்த்தவருக்கோ பிறர் வேலையிலும் தம் வேலையிலும் பிழை காணும் கண் முற்றிப் போயிருக்கிறது. அவர் கை மட்டும் பத்து வயதில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் அவர் தோல்வி என்று கொள்கிறார். ஐந்தாறு மாதிரிகள் முடிந்தால் அத்தொலைவு தானே குறையும். மேலும், அந்நாளில் இல்லாத ஒன்று அவரிடம் இன்று உண்டு: காத்திருக்கும் ஆற்றல். இவ்வேலையில் பாதி, காய்வதற்குக் காத்திருப்பதே. எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சுக்கு ஒரு நாள் கேட்கும். நேற்றுப் பூசியதன்மேல் இன்று அவசரமாய்ப் பூசினால் இரண்டும் சுருங்கிவிடும்.

இனி, நாம் மிகவும் வருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் கிட்டாதவற்றையெல்லாம் வாங்கிக் குவிக்கும் ஆசை இவர்களிடையே பரவலாக உண்டு. மாதம் ஒன்று என்று தவறாது முடித்தாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டே ஆகும். அலமாரியில் இருநூறு பெட்டிகள் இருந்தால் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போர் சிலரே. அவர் மறைந்த பின், திறவாத பெட்டிகளின் விலையறியாத மனைவி அவற்றை எவரிடமேனும் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார். பெட்டியின் மேலுள்ள வண்ணப்படம் தரும் மகிழ்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் படம் மட்டும் வாங்கினாற் போதுமே! சங்கத்தில் சேர்ந்தோர் பலர் இதில் தப்பிவிடுகின்றனர். இங்கிலாந்தில் 1963-ல் தோன்றி இன்று பல நாடுகளில் கிளைவிட்டுள்ள மாதிரி கட்டுவோர் சங்கத்தின் கூட்டங்களில், முடித்த வேலையைத்தான் மேசைமேல் வைக்க முடியும். பணியிடத்துத் தோழமையை இழந்த ஒருவருக்கு அக்கூட்டமே பெரிய வரவு.

தொடங்க விரும்புவோர் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் தேர்ந்தால் கண்ணுக்கு இதம். நாற்பது ஐம்பது துண்டுகளுக்கு மிகாத பெட்டியாயின் இன்னும் நன்று. பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கி ஒடிக்காமல் சிறு வெட்டுக் குறடால் நறுக்குக. மேசை விளிம்பில் ஒரு துணியைப் பொருத்தி அதன் மறுமுனையை மடியில் விரித்துக்கொண்டால், தவறி விழும் துண்டுகளைத் தரையில் தேடித் தவழ நேராது. செதுக்குக் கத்தியையும் பசைப் புட்டியையும் மூடியுள்ள ஒரு தகரப் பெட்டியில் இட்டு, பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் உயரத்தில் வைத்துவிடுக.