எதிர்த்து நிற்பது எது?

வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து பத்து நாள் கழிந்தும் தையலில் சீழ் வடியுமானால், "இவருடைய உடம்பு மருந்தை ஏற்கவில்லை" என்பர் வீட்டார். அவ்வாறு எண்ணுவதற்கு நம் கலைச்சொற்களும் இடங்கொடுக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் என்பது உடம்பின் குணம், நன்மை தருவது. மருந்து எதிர்ப்பாற்றல் என்பதோ கிருமியின் குணம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதைவிட, 'மருந்துக்கு மடியாத கிருமி' என்று எழுதுவதே நேரிது என்பது மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள என் கருத்து. அகராதிக்கு அழகு சற்றுக் குறையலாம், பொருள் குறையாது. வகுப்பில் சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

சொல்லைப் பற்றி இத்துணை வாதிப்பானேன் எனின், பழி உடம்பின்மேல் விழுந்துவிட்டால், அக்கிருமி கழுவாத கைகளின் வழியே அடுத்த படுக்கைக்குச் செல்வதை எவரும் நினையார்.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா முதலிய கிருமிகள் நம் குடலில் வாழ்வன. குடலைத் திறக்கும்போது அவை இரணத்திற் படக்கூடும். ஆதலின் கீறுவதற்கு முன்னரே ஆன்டிபயாடிக் ஊசி போடப்படுகிறது. 66 நாடுகளில் 12,539 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், இரைப்பை குடல் அறுவைக்குப்பின் இரணம் சீழ்ப்பிடித்தோர், வளர்ச்சி மிக்க நாடுகளில் நூற்றுக்கு 9 பேர்; வளர்ச்சி குன்றிய நாடுகளில் 23 பேர். அவர்களுள் கிருமிப் பரிசோதனை முடிவு கிடைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம், முன்கூட்டிப் போட்ட அம்மருந்துக்கே மடியாத கிருமி காணப்பட்டது.

நிற்க. அறுவை முடிந்த பின்னரும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதே மருந்தைப் பல நாள் தொடரும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நோயாளியிடத்து இரக்கமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பயன் இல்லை. கீறுவதற்கு முந்திய 120 நிமிடத்திற்குள் மருந்து கொடுக்க வேண்டும், முடிந்தபின் தடுப்புக்காக அதனை நீட்டிக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே கூறியுள்ளது. நீட்டிக்க நீட்டிக்க, மடியக்கூடிய கிருமிகள் மடிந்தொழிய, மடியாதவை அவ்விடத்தைப் பிடித்துப் பெருகுகின்றன. குடல்வால் வெடித்து வயிறு முன்னரே சீழ்ப்பிடித்திருப்பின் அது வேறு; அங்கே கொடுப்பது தடுப்பு அன்று, சிகிச்சை.

வீடு திரும்பியவரின் தையலில் சிவப்போ வீக்கமோ சீழோ காணும் கிராமச் சுகாதார ஊழியர், கடையில் வேறு மாத்திரை வாங்கிப் பார்க்கச் சொல்லாமல், மருத்துவமனைக்கே உடனே அனுப்புதல் வேண்டும். புது மருந்து தொடங்குமுன் அங்குச் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு வைத்தால், அக்கிருமி எம்மருந்துக்கு மடியும் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.