பழவேற்காட்டில் மந்தியைத் தேடுவோருக்கு



கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரமே நிற்கின்றன. இறங்கும் பயணிகள், “இந்த ஊரின் அசல் உணவு எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். கேட்டவர்களில் பலர் துறைமுக வாயிலை ஒட்டிய கடையில், தமக்கு முன்பே பழகிய பண்டத்தை உண்டுவிட்டுக் கப்பலேறி விடுகிறார்கள். அத்தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பில் ‘கொலம்போ’ என்றொரு மசாலாக் குழம்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் கூலிகளின் அடுப்பிலிருந்து வந்த மரபு அது. அதைச் சுவைக்காமலே அத்தீவைப் ‘பார்த்துவிட்டதாக’ ஊர் திரும்புவோர் எத்தனையோ பேர்!

அவர்களைக் கண்டு நகைக்க நமக்குத் தகுதி உண்டா?

சில மாதங்களுக்கு முன் வெளியூர் உறவினர் குடும்பமொன்று கும்மிடிப்பூண்டியில் உள்ள எம் இல்லத்திற்கு வந்தது. பழவேற்காடு பார்க்க வேண்டும் என்றார்கள், அழைத்துச் சென்றேன். ஏரியைப் பார்த்தார்கள், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுத்தார்கள். பசி வந்ததும் எழுந்த முதற் கேள்வி: “இங்கே நல்ல மந்தி எங்கே கிடைக்கும், மாமா?”

மந்தி யமனின் ஹள்ரமவ்த் பகுதி மக்களின் உணவு. நல்ல உணவுதான்; அதன்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் கண்ணெதிரே உவர்நீர் ஏரி விரிந்து கிடக்க, மீன்கூடைகள் கரையேறிக் கொண்டிருக்க, அரபுநாட்டுச் சோற்றைத் தேடி அலைவது என்ன மனநிலை? ‘ஹலால்’ என்றால் அரபுப் பெயர்ப்பலகை என்று எப்போது முடிவு செய்தோம்?

“பயணத்தில் ஹலாலைப் பேண வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். பேணத்தான் வேண்டும். அறுத்தவர் யார் என்று தெரியாத இறைச்சியைத் தவிர்ப்பது பேணுதலே. ஆனால் கடலுணவுக்கு அந்தச் சாக்கு பொருந்துமா? அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது வசனம் கடலில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் நமக்கு ஆகுமாக்கும்போது, அது பயணிகளுக்கும் பயன்தரும் பொருள் என்று தனியாகவே குறிப்பிடுகிறது. பயணி என்பதைக் காரணம் காட்டி மீனை ஒதுக்குபவர், தமக்காகவே சொல்லப்பட்ட சலுகையை மறுக்கிறார். இறால், நண்டு குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளலாம். மடவைக்கும் கொடுவாவுக்கும் கிழங்கானுக்கும் என்ன தடை?

அபூ உபைதா (ரலி) தலைமையில் சென்ற முந்நூறு நபித்தோழர்களை நினைத்துப் பாருங்கள். உணவு தீர்ந்து, இலைகளைத் தின்னும் நிலையில் அவர்கள் கடற்கரையை அடைந்தபோது, ஒரு பெரும் மீன் கரையொதுங்கிக் கிடந்தது. அதை உண்டு பசி தீர்ந்தார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அது அல்லாஹ் அளித்த உணவு என்று கூறியதோடு, மீதமிருந்தால் தமக்கும் தருமாறு கேட்டு உண்டார்கள். கரை தந்ததை ரிஸ்காக ஏற்கும் பண்பு அது.

வேறொரு விருந்தில் உடும்பு போன்ற பிராணியின் இறைச்சி வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கூறி நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். தடை செய்யவில்லை. காலித் பின் வலீத் (ரலி) அதை அவர்கள் முன்னிலையிலேயே உண்டார்கள். பிடிக்காததை விட்டுவிடலாம், பிறர் உணவை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. “மீன் நாறுகிறது” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலக்கரையைக் கடக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?

இனி, மறுபக்கத்தாரிடமும் பேச வேண்டும். இவர்கள் ‘அசல் உணவு’ வேண்டும் என்று கைப்பேசியை நீட்டியபடி வருவார்கள். விடியலில் வலையிழுத்தவரின் மனைவியிடம் கூடைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடுவார்கள். திரும்பும் வழியில் குளிரூட்டிய உணவகத்தில் கேட்ட தொகையை வாய்திறவாமல் கொடுப்பார்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தது, மீன்காரப் பெண்ணுக்கு முன்னால் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

அசல் உணவு என்பது தட்டில் தொடங்குவதன்று. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் ‘பாடு’ என்ற முறைப்படி, யார் எந்நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்து கொள்கிறார்கள். இருளர் பெண்கள் சேற்றுநீரில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கடல்நீர் வரத்துக் குறைந்தால், இறாலும் மீனும் குறைகின்றன. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய்யும் பரவி மீனவர் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. ஏரி கெட்டால் எந்த உணவகத்தின் பலகையில் ‘அசல்’ என்று எழுதி என்ன பயன்?

நான் ஆலைகளுக்கு எதிரி அல்லன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஊதியத்தில்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது. அதனாலேயே சொல்கிறேன்: நம் அடுப்பு எரிவதற்காக அண்டைவீட்டு அடுப்பு அணையக் கூடாது. தான் வயிறார உண்டு அண்டைவீட்டார் பசித்திருக்க விடுபவரைப் பற்றிய எச்சரிக்கையை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். துணியை வாங்கினார்கள், ஏற்றினார்கள், ஒருநாள் போய்விட்டார்கள். கல்லறைகள் மிஞ்சின. எடுத்துக்கொண்டு போகும் வருகைக்கும் உறவாடும் வருகைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கற்களே சொல்லும். நாம் எந்த வகையில் சேரப்போகிறோம்?

அடுத்த முறை செல்லும்போது ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். ஏலக்கரையில் அன்று வந்த மீன் எதுவோ, அதைக் கேட்ட விலைக்கே வாங்குங்கள். அறிந்தவர் வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லி, உரிய கூலி கொடுத்து, இடியாப்பமும் தேங்காய்ப்பால் ஆணமும் சமைக்கச் சொல்லுங்கள். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டியொன்றை வாங்கி வாருங்கள். நெகிழிக் குப்பையைக் கரையில் விடாதீர்கள். மீன் கிடைக்காத நாளாக இருந்தால், ஏன் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பியவரே பழவேற்காட்டைப் பார்த்தவர்.

அல்லாஹ் நமக்கு ஹலாலான உணவையும், அதை நம் தட்டுக்குக் கொண்டு வரும் கைகளை மதிக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.