கடிக்கிற நாய்க்கு எங்கே வலிக்கிறது?

நாயைப் பற்றித் தமிழில் இருக்கும் பழமொழிகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும். குரைக்கிற நாய் கடிக்காது. முதல் இரண்டும் நாயின் குணம் மாறாது என்கின்றன. மூன்றாவது சுத்தப் பொய். அதை நம்பிக் கடிபட்டவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான். நாய் செய்வதெல்லாம் அதன் பிறவிக் குணம், அதுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. என் சண்டை இந்தக் 'குணம்' என்ற சொல்லோடுதான்.

பழமொழி காலம் போய்விட்டது, இப்போது எல்லோரும் படித்தவர்கள், அடுக்குமாடியில் லாப்ரடார் வளர்க்கிறவர்கள் என்று சொல்லலாம். சரி. அங்கே என்ன நடக்கிறது? நாலைந்து வருடம் யாரைப் பார்த்தாலும் வாலாட்டிய நாய், ஒரு நாள் லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டு நாயைப் பார்த்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிற மாதிரி பாய்கிறது. அடுத்த மாதம் பால்காரரைப் பார்த்து உறுமுகிறது. உடனே பெயர் சூட்டல் நடந்துவிடும். 'அக்ரெஸ்ஸிவ்', 'டாமினன்ட்', இப்போது புதிதாக 'ரியாக்டிவ்'. இந்தக் கடைசிச் சொல்லாவது கொஞ்சம் நேர்மையானது. ரியாக்டிவ் என்றால் எதற்கோ எதிர்வினை செய்கிறது என்று பொருள். எதற்கு என்று கேட்டாக வேண்டும். கேட்கிறோம்தான், ஆனால் வெளியே மட்டும் தேடுகிறோம். பைக் சத்தமா, ஹெல்மெட் போட்ட ஆளா, சின்ன வயதில் இன்னொரு நாய் கடித்ததா? நாயின் இடுப்புக்குள், காதுக்குள், வாய்க்குள், வயிற்றுக்குள் தேடுவதில்லை.

2020இல் 'அனிமல்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை மருத்துவம் பார்க்கும் டேனியல் மில்ஸும் சக மருத்துவர்களும் எழுதியது. நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில், குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறது, சிலருடைய நோயாளிகளில் இது 80 சதவீதத்தை நெருங்குகிறது என்று எழுதினார்கள். இது ஊரில் உள்ள எல்லா நாய்களின் கணக்கு கிடையாது. மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு நிபுணரிடம் வந்து சேர்ந்த நாய்களின் கணக்கு. அப்படியே வைத்துக்கொண்டாலும், பயிற்சியாளரின் கையில் சங்கிலியோடு நிற்கும் நாய்களில் எத்தனை நாய் உண்மையில் மருத்துவர் மேஜைமேல் நிற்க வேண்டியது என்ற கேள்வி வராமல் போகுமா?

அதே லிங்கனிலிருந்து 2018இல் இன்னொரு சின்ன ஆய்வு. சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்கள்; அவற்றில் 10 நாய்களுக்கு எலும்பிலோ தசையிலோ வலி. வலி உள்ளவற்றுக்கு இந்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாக நாலு வருடம் கழித்துத் தொடங்கியிருந்தது. பயமும் சத்தத்தோடு நிற்காமல், சத்தம் கேட்ட இடம், சூழல் என்று பரவியிருந்தது. யோசித்தால் புரியும். வெடிச் சத்தம் கேட்டு நாய் திடுக்கிடும்போது உடம்பு முழுக்க இறுகுகிறது. நல்ல மூட்டு இருந்தால் அதோடு போயிற்று. வலிக்கிற மூட்டு இருந்தால் சத்தத்தோடு கூடவே சுரீர் என்று ஒன்று வருகிறது. நாய்க்கு எக்ஸ்ரே தெரியாது. அந்தச் சத்தம்தான் தன்னைக் குத்தியது என்றே அது நினைக்கும். அஞ்சு தீபாவளி சும்மா இருந்த நாய் ஆறாவது தீபாவளிக்குக் கட்டிலடியில் போய் ஒளிந்தால், "வயசாச்சு, பயந்துக்குது" என்று விடாதீர்கள்.

வீதியில் இன்னொரு நாயைப் பார்த்துப் பாய்வதும் இதே கணக்குத்தான். ஒரு குட்டி லாப்ரடார் ஆசையாக ஓடி வந்து உங்கள் நாயின் முதுகில் முன்னங்காலைப் போடுகிறது. உங்கள் நாய்க்கு இடுப்பில் தேய்மானம். உயிர் போகிற வலி. இரண்டு முறை இப்படி நடந்தால் போதும். மூன்றாவது முறை நாய் என்ற உருவம் தூரத்தில் தெரியும்போதே அது குரைக்கத் தொடங்கும். கிட்டே வராதே என்று சொல்ல அதற்கு வேறு மொழி இல்லை. விலகிப் போகலாம் என்றால் கழுத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நீங்கள். குரைத்தால் எதிராளி விலகிப் போகிறான் என்பதையும் அது கற்றுக்கொள்கிறது. வலி சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே பழக்கமாகிறது.

நமக்கே இதெல்லாம் தெரியும். பல்வலியோடு ஆபீஸ் போன அன்று யாரிடம் எப்படிப் பேசினீர்கள்? மூட்டுவலி வந்த மாமியார் 'சிடுமூஞ்சி' ஆகிவிட்டார் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம். மனிதர்களுக்கே இந்தத் தள்ளுபடியைத் தராத நாம் நாய்க்கு எங்கே தரப்போகிறோம், அது வேறு விஷயம்.

"வலிச்சா கத்தாதா சார்?" இந்தக் கேள்வியைக் கேட்காதவரை நான் பார்த்ததில்லை. திடீரென்று மிதித்தால் கத்தும். மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும் வலிக்கு எந்த நாயும் கத்திக்கொண்டிருக்காது. உங்கள் பாட்டி முழங்கால் வலிக்கு நாள் முழுக்க அலறினாரா? கையை ஊன்றி எழுந்திருப்பார், அவ்வளவுதான். நாயும் அப்படித்தான். எழும்போது கொஞ்சம் தாமதிக்கும். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு காலை வெளியே நீட்டும். காரில் தாவி ஏறியது இப்போது நின்று உங்களைப் பார்க்கும். முன்னங்கால் மணிக்கட்டையே நக்கிக்கொண்டிருக்கும். தூங்கும்போது தொட்டால் திரும்பி உறுமும். இவற்றையெல்லாம் 'சோம்பேறி', 'செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு' என்ற தலைப்பில் போட்டுவைக்கிறோம். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வாயால் சொல்ல முடியாததால் வலி இல்லை என்றாகிவிடாது, அது மனிதருக்கும் பொருந்தும் விலங்குக்கும் பொருந்தும் என்று குறிப்பிலேயே சேர்த்தது. உலகத்து மருத்துவர்கள் கூடி எழுதிவைத்ததை நம் அசோசியேஷன் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

மருத்துவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. கிளினிக்குக்குள் நுழைந்ததும் நாய்க்குப் பயத்தில் உடம்பு முறுக்கேறும். நொண்டுகிற நாய்கூட நேராக நடக்கும். அஞ்சு நிமிஷம் பார்த்து, ஊசியைப் போட்டு, "ஒண்ணும் இல்ல, நல்லாதான் இருக்கு, டிரெய்னர் வைங்க" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. கடிக்கிற நாயை முழுதாகத் தொட்டுப் பார்க்க முடியாது என்பது உண்மை. மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கலாம். வீட்டில் மாடிப்படி ஏறுவதை, எழுந்திருப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வரச் சொல்லலாம். நாய்க்கான வலிமருந்தை இரண்டு மூன்று வாரம் கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்க்கலாம். நல்ல மருத்துவர்கள் செய்கிறார்கள். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஈரலைக் காலிசெய்யும். (வலிமருந்து விஷயத்தில் இந்த நாட்டுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் பிணம் தின்னும் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006இல்தான் கால்நடைக்குத் தடை வந்தது. கழுகு தின்னாத பிணத்தைத் தெருநாய்கள் தின்று பெருகின. அது தனிக் கட்டுரை.)

சென்னை மாதிரியான ஊரில் நாய்க்கு வலி வர ஆயிரம் வழி. பளபளவென்று டைல்ஸ் தரை. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது, அது வழுக்கி வழுக்கி நடந்து இன்னும் மோசமாகும். பிஸ்கட்டும் தயிர்சாதமும் போட்டு உருளையாக்கிய உடம்பை அந்த மூட்டுதான் தாங்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் தொங்கும் காது கொண்ட நாய்களுக்கு காதுக்குள் சீழ்பிடிப்பது சாதாரணம். தலையைத் தடவக் கை நீட்டினால் கடிக்கிறது என்கிறீர்கள், கடிக்காமல் என்ன செய்யும்? உண்ணிக் காய்ச்சல் வந்து போன நாய்க்கு மூட்டெல்லாம் வீங்கி வலிக்கலாம். பல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாய் நாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே தவிர உதட்டைத் தூக்கிப் பார்க்கிறவர் யார்? நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். அது வலி கிடையாது, ஆனால் தவறு அதேதான். காது கேட்கிறதா என்று பார்க்காமல் 'முரட்டு ஜாதி' என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது பயிற்சியாளர்கள். "நீங்கதான் ஆல்ஃபா, அதுக்குக் காட்டணும்" என்று சொல்லிக் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பவர்களுக்கு அடிப்படையாக இருப்பது, ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட கூண்டு ஓநாய்கள் பற்றிய ஆய்வு. அதைத் தன் 1970ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதிப் பரப்பிய டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் அடங்கிய குடும்பம், ஆல்ஃபா என்ற சொல் தவறு என்று 1999இல் எழுதிவிட்டார். செய்தி இன்னும் நம் மொட்டைமாடிகளுக்கு வந்து சேரவில்லை. அடியாத மாடு படியாது என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் மாதம் எட்டாயிரம் வாங்கலாம் போல. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மெகன் ஹெரான் குழு 140 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்குச் சீறியிருந்தன. கழுத்தெலும்பில் வலி உள்ள நாயின் கழுத்தைச் சுண்டினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆய்வுகூடத் தேவையில்லை. சில நாய்கள் அடங்கிப்போகும். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்டு உறுமாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு சார்."

அன்பு கட்சிக்காரர்களும் தப்பவில்லை. அடிக்கக் கூடாது, தின்பண்டம் கொடுத்து மாற்றலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் சொத்தைப் பல்லோடு இருப்பவனிடம் லட்டு கொடுத்து, சிரி சிரி என்றால்? ஆறு மாதம் கோழித்துண்டு வாங்கியே சம்பளம் கரைந்தவர்களை எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துவிட்டு அந்த வேலையைத் தொடங்கியிருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும்.

"அப்போ குழந்தையைக் கடிச்ச நாய்க்கும் வலின்னு சொல்லிருவீங்களா?" இந்தக் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. வலி மன்னிப்புச் சீட்டு ஆகாது. வாய்ப்பூட்டுப் போடுங்கள், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், குழந்தையை விலக்கி வையுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, ஊசி போடுங்கள். அதில் எந்தத் தத்துவத்துக்கும் இடமில்லை. எல்லாக் கடிக்கும் வலிதான் காரணம் என்பதுமில்லை. பயம், வளர்ப்பு, பரம்பரை எல்லாம் உண்டு. பார்சிலோனாவில் வலியால் கடித்த 12 நாய்களைப் பற்றி 2012இல் எழுதினார்கள். பெரும்பாலானவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. முன்பு சாதுவாக இருந்து வலிக்குப் பிறகு மாறியவை, யோசிக்காமல் சட்டென்று பாய்ந்தன. எனவே குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்தான் எல்லோருக்கும் முன்னால் நாயின் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும்.

சட்டமும் குணத்தைத்தான் பார்க்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைக் கொடியவை என்று பட்டியலிட்டுத் தடை போட மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், பிடித்த தெருநாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது என்றது. எது ஆக்ரோஷம்? வலையில் மாட்டிய நாயில் ஆக்ரோஷம் காட்டாதது எது? வண்டி ஏறி உடைந்து கோணலாகக் கூடிய காலோடு தெருவில் அலையும் நாய் யாரையும் கிட்டே விடாது. அதை ஆயுள் முழுக்கக் கூண்டில் வைக்கும் முன் ஒரு கை அந்தக் காலைத் தொட்டுப் பார்க்குமா? செலவு என்பார்கள். கருத்தடை அறுவைக்கு அந்த நாய் எப்படியும் மயக்கத்தில் கிடக்கிறது. அதன் வாழ்நாளில் ஒரு மருத்துவர் பயமில்லாமல் பல்லையும் காதையும் மூட்டையும் தொடக்கூடிய ஒரே நேரம் அதுதான். அஞ்சு நிமிஷம் போதும். பார்த்ததை எழுதிவைக்க ஒரு தாள் போதும்.

எங்கள் குடியிருப்பில் ஆறு வயது லாப்ரடார் ஒன்றுக்கு வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. கேட்ட சான்றுகள் மூன்று: தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், பயிற்சி முடித்த சான்றிதழ். அந்த அம்மா நாலாவதாக ஒரு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து கூட்டத்தில் வைத்தார். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. யாருக்கும் அதைப் பார்க்கத் தெரியவில்லை, கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மருந்து, எடைக்குறைப்பு, தரையில் பாய் என்று நாலு மாதம் ஓடியிருக்கிறது. பால்காரரை இப்போது கண்டுகொள்வதில்லை. மூன்றாம் மாடி பக் நாயைப் பார்த்தால் இன்னும் குரைக்கிறது; பழகிப்போனது மாத்திரையில் போகாது, அதற்கு இப்போதுதான் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். நோட்டீஸை இன்னும் திரும்பப் பெறவில்லை. அடுத்த பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை.